நானூறு மீட்டரும் நம் மலையும்

ஆண்டுவிழா மலர் என்றவுடன் சேரர் செங்கோலும் சோழர் கடற்படையும் பாண்டியர் தமிழ்ப்பணியும் கட்டுரைப் பொருளாக வந்து நிற்பது நம் சங்கங்களின் மரபு. அம்மரபைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆயினும், சக்குபள்ளத்திலும் அதனைச் சூழ்ந்த ஏலத்தோட்டங்களிலும் குடியேறி, மலையாள நாட்டின் மண்ணில் தமிழ் பேசி வாழும் நமக்கு, ஈராயிரம் ஆண்டு பழமையே அன்றி நேற்று நிகழ்ந்த வரலாறும் உண்டு. அவ்வரலாற்றில் ஒரு பகுதி ஐம்பத்தோரு விநாடிகளில் நிகழ்ந்து முடிந்தது. அதனை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள், பின்லாந்து நாட்டின் டாம்பெரே நகரில், இருபது வயதிற்கு உட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டியின் மகளிர் 400 மீட்டர் இறுதி ஓட்டம் நடைபெற்றது. நான்காம் தடத்தில் நின்றவள் அஸ்ஸாம் மாநிலத்து ஹிமா தாஸ் என்னும் பதினெட்டு வயதுப் பெண். முதற் சுற்றில் 52.25 விநாடி, அரையிறுதியில் 52.10 விநாடி என ஓடி இறுதிக்கு வந்திருந்தாள். துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவிலும் எதிர்ப்புற நேர்பாதையிலும் அவள் முந்தவில்லை. கடைசி வளைவு திரும்பி நேர்பாதையில் நுழையும்போதும் அவளுக்கு முன்னால் ஆள் இருந்தது. பார்த்திருந்தோர் பதக்கம் கிடைத்தால் போதும் என்று எண்ணியிருக்கக்கூடிய அந்த இடத்திலிருந்துதான் அவள் ஓட்டம் தொடங்கிற்று என்று சொல்ல வேண்டும். முன்னால் ஓடியவர்களின் கால்கள் கனத்தன; இவள் கால்கள் கனக்கவில்லை. 51.46 விநாடியில் கோட்டைக் கடந்தாள். உருமேனியாவின் ஆந்திரேயா மிக்லோஸ் 52.07 விநாடியில் இரண்டாவதாகவும், அமெரிக்காவின் டெய்லர் மேன்சன் 52.28 விநாடியில் மூன்றாவதாகவும் வந்தனர். முதல் இருவருக்கும் இடையே இருந்த இடைவெளியைத் தொலைவாகக் கணக்கிட்டால் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு சுற்று ஓட்டத்தில் அது சிறு இடைவெளியன்று.

உலக அளவிலான தடகளப் போட்டி எதிலும், எந்த வயதுப் பிரிவிலும், ஓடுபாதையில் இந்தியர் ஒருவர் தங்கம் பெற்றது அதுவே முதன்முறை. அதற்கு ஈராண்டு முன்னர், 2016-இல் போலந்து நாட்டின் பிட்காஷ் நகரில் நடந்த இதே போட்டியில், நீரஜ் சோப்ரா ஈட்டியை 86.48 மீட்டர் எறிந்து தங்கம் பெற்றிருந்தார். மகளிர் வட்டெறிதலில் சீமா அந்தில் 2002-இலும் நவ்ஜீத் கௌர் தில்லான் 2014-இலும் வெண்கலம் பெற்றிருந்தனர். எறிந்து பெற்றவை அவை. ஓடிப் பெற்றது இதுவே. 1960-இல் உரோம் நகரில் நான்காவதாக வந்து பதக்கத்தைத் தவறவிட்ட மில்கா சிங், ஓடுபாதையில் இந்தியர் தங்கம் வெல்வதைக் காண வேண்டும் என்று நெடுங்காலம் காத்திருந்தவர். 2021-இல் காலமான அப்பெரியார் இந்த வெற்றியைக் காண உயிருடன் இருந்தார் என்பது நமக்கு மனநிறைவு தருவதாகும்.

மிகைப்படுத்தாமல் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இது இளையோருக்கான போட்டி. 2017-இல் இலண்டனில் நடந்த பெரியோர் உலகப் போட்டியில் இதே ஓட்டத்தை வென்ற பில்லிஸ் பிரான்சிஸ் ஓடிய நேரம் 49.92 விநாடி. ஆதலின், ஹிமா உலகத்தின் விரைவான பெண் ஆகிவிட்டாள் என்று அன்று சில மேடைகளில் முழங்கியது அன்பின் மிகுதியே அன்றி வேறில்லை. எனினும் இளையோர் போட்டி எளிய போட்டி என்று எவரும் எண்ணிவிடலாகாது. அது எப்படித் தோன்றிற்று என்பதை நோக்கினால் அதன் மதிப்பு விளங்கும்.

நெடுங்காலம் உலகில் இளையோருக்கெனத் தனிப்போட்டி இருக்கவில்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மகளிர் முதன்முதலாகத் தடகளத்தில் ஓட அனுமதிக்கப்பட்டபோது, 100 மீட்டரை 12.2 விநாடியில் ஓடித் தங்கம் பெற்ற பெட்டி ராபின்சன் பதினாறு வயதுச் சிறுமி. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் பி. டி. உஷா ஓடியபோது அவருக்கும் வயது பதினாறே. பள்ளிப் பருவத்துப் பெண், உலகின் தேர்ந்த வீராங்கனைகளுக்கு இடையே நிற்கவேண்டும். நின்று தோற்றால் ஊர் திரும்பி மீண்டும் மாவட்டப் பள்ளிப் போட்டியில் ஓடவேண்டும். இடையில் படி ஏதும் இல்லை. அந்தப் படியாகத்தான் 1986-இல் ஏதென்ஸ் நகரில் முதலாவது உலக இளையோர் போட்டி நடந்தது. ஈராண்டிற்கு ஒருமுறை நடைபெறுவதென முறை வகுத்தனர். போட்டி நடக்கும் ஆண்டின் இறுதிக்குள் இருபது வயது நிறையாதவரே அதில் ஓடலாம். உஷா பதினாறு வயதில் பெறாத படியைப் பின்வந்த பெண்கள் பெற்றார்கள். ஹிமா ஏறி நின்றது அந்தப் படியில்தான்.

மகளிர் 400 மீட்டர் ஓட்டமும் ஒரு வகையில் இளையதே. 1928-இல் 800 மீட்டர் ஓடிய பெண்கள் சிலர் ஓட்டத்தின் முடிவில் களைத்துச் சாய்ந்தனர். அதனைப் பெரிதுபடுத்தி எழுதிய செய்தியாளர்களின் கூக்குரலைக் கேட்டு, நீண்ட ஓட்டம் பெண்ணுடலுக்கு ஆகாது என்று தீர்ப்புக் கூறிவிட்டார்கள் ஆடவர் குழுவினர். அதன்பின் 1960 வரையில் ஒலிம்பிக்கில் பெண்கள் 200 மீட்டருக்கு மேல் ஓடவே இல்லை. தலையில் விறகுச் சுமையுடன் மலையேறும் பெண்களைக் கண்ட எவரேனும் அக்குழுவில் இருந்திருப்பின் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும். 400 மீட்டர் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1964-இல், டோக்கியோவில். ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட் 52.0 விநாடியில் வென்றார். அன்றைய ஒலிம்பிக் தங்கத்தின் நேரத்தைவிட விரைவாக ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஓர் இந்தியச் சிறுமி ஓடினாள் என்பதிலிருந்து காலத்தின் ஓட்டத்தையும் அறியலாம். அன்று சாம்பலும் மண்ணும் கலந்த பாதை; இன்று செயற்கைப் பாதை. எனவே ஒப்பீட்டை ஓரளவோடு நிறுத்துதல் நன்று.

இவ்வோட்டத்தில் எல்லாப் புகழும் தூய புகழன்று என்பதையும் வரலாறு மறைக்க இயலாது. கிழக்கு ஜெர்மனியின் மரிட்டா கோக் 1985-இல் கான்பெராவில் ஓடிய 47.60 விநாடி நாற்பது ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது. அந்நாடு மறைந்தபின் வெளிவந்த ஆவணங்கள், வீராங்கனையர்க்கு ஊக்கமருந்து புகட்டுவதை அரசே ஒரு திட்டமாக நடத்தியதைக் காட்டின. சட்டத்தின்படி அந்நேரம் ஏட்டில் நிற்கிறது. அதைப் பார்க்கும் கண்கள்தாம் மாறிவிட்டன.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1970-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் பஞ்சாபின் கமல்ஜீத் சந்து 400 மீட்டரை 57.3 விநாடியில் ஓடித் தங்கம் பெற்றார். ஆசிய விளையாட்டில் தனிப்பட்ட முறையில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அந்த 57.3 விநாடியிலிருந்து டாம்பெரேயின் 51.46 விநாடி வரை வருவதற்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. ஏறத்தாழ ஆறு விநாடியைக் குறைக்க அரை நூற்றாண்டு! இந்த அரை நூற்றாண்டை ஒரு தொடரோட்டமாகவே நாம் காண்கிறோம். கையில் கோல் இல்லாத தொடரோட்டம் அது. ஒருத்தி நின்ற இடத்திலிருந்து மற்றொருத்தி ஓடினாள். அவ்வாறு ஓடியவர்களுள் இருவர் நாம் வாழும் இந்த இடுக்கி மாவட்டத்து மண்ணில் பிறந்தவர்கள் என்பதைச் சொல்லவே இத்துணையும் முன்னுரையாயிற்று.

முதலாமவர் ஷைனி ஆபிரகாம். மணத்திற்குப்பின் ஷைனி வில்சன். 1965-இல் தொடுபுழாவில் பிறந்தவர். 400 மீட்டர், 800 மீட்டர் என இரண்டும் ஓடினார். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் 800 மீட்டரில் அரையிறுதி வரை சென்றார். 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அதே ஓட்டத்தில் தங்கம் பெற்றார். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் நேர்ந்ததோ நெஞ்சைச் சுடும் செய்தி.

அதனை விளங்கிக்கொள்ளத் தடத்தின் இலக்கணத்தைச் சிறிது அறிதல் வேண்டும். ஓடுபாதையின் ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம். வளைவில் வெளித்தடத்தில் ஓடுபவர் மிகுதியான தொலைவு ஓட நேரும் ஆதலால், அவரைச் சற்று முன்னே நிறுத்தித் தொடங்க விடுவார்கள். ஒரு சுற்றோட்டத்தில் இரண்டாம் தடத்தினர் முதல் தடத்தினரைவிட 7.04 மீட்டர் முன்னே நிற்பர். ஹிமா நின்ற நான்காம் தடத்தில் இது 22.37 மீட்டர். எனவே ஒரு சுற்று ஓடுகின்றவள் யார் முன், யார் பின் என்பதைக் கடைசி வளைவு வரையில் கண்ணால் அறிய முடியாது. தன் உடலை நம்பித்தான் ஓடவேண்டும். 800 மீட்டரில் முதல் வளைவு மட்டும் தடத்திற்குள். வளைவு முடிந்து குறித்த கோட்டைக் கடந்தபின்னரே உள்தடத்திற்கு இறங்கலாம். சியோலில் முன்னணியில் ஓடிய ஷைனி அந்தக் கோட்டிற்கு முன்னதாகவே இறங்கிவிட்டார். ஓடி முடித்தார்; நடுவர்கள் அவர் பெயரை நீக்கினர். சில அடி தூரத்துத் தவறு, ஒரு தங்கத்தைக் கொண்டுசென்றது. அதே போட்டியின் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் அவர் மனந்தளராது ஓடித் தோழியருடன் தங்கம் பெற்றார். 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவரும் இவரே. அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. பின்னர்ச் சென்னையில் குடியேறிப் பணிபுரிந்தார். நம்மவர் மலையேறி இங்கு வந்தோம். இம்மலையடிவாரத்து மகள் தமிழகம் சென்று வாழ்ந்தார்.

அந்தத் தொடரோட்ட அணியின் வரலாறு தனியே எழுதத் தகுவது. 1984-இல் வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி, உஷா என்னும் நால்வர் லாஸ் ஏஞ்சலிஸ் இறுதி ஓட்டத்திற்குத் தகுதிபெற்று ஏழாவதாக வந்தனர். 3 நிமிடம் 32.49 விநாடி என்னும் அந்நேரம் ஆசியச் சாதனையாயிற்று. எம். டி. வல்சம்மா கண்ணூர் மாவட்டத்து மலைக்குடியேற்றப் பகுதியிலிருந்து பாலக்காட்டு மெர்சி கல்லூரிக்கு வந்து ஓட்டத்தில் தேர்ந்தவர். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் தங்கம் பெற்றவர். தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் பாலக்காட்டிற்கும் இத்தொடரில் இவ்வாறு ஒரு பங்கு உண்டு. உஷாவைப் பற்றி அறியாதார் இலர். அதே லாஸ் ஏஞ்சலிஸில் தடைதாண்டும் ஓட்டத்தை அவர் 55.42 விநாடியில் முடித்தார். வெண்கலம் பெற்ற உருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. அந்த நூற்றில் ஒரு விநாடியைத் தொலைவாக்கினால் ஏழு சென்டிமீட்டர்; நம் அளவையில் நால்விரற்கிடை. அந்த நால்விரற்கிடையை நாடு நாற்பது ஆண்டுகளாக அளந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாமவர் கே. எம். பீனாமோள். 1975-இல் இதே மாவட்டத்துக் கொம்பொடிஞ்ஞால் என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தவர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதியில் ஓடினார். 2002-இல் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம், 400 மீட்டரில் வெள்ளி, தொடரோட்டத்தில் மீண்டும் தங்கம் எனக் குவித்தார். உடன்பிறந்த தம்பி பினுவும் அதே பூசானில் ஆடவர் 800 மீட்டரில் வெள்ளி பெற்றார். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 45.48 விநாடியில் ஓடினார். ஒரு மலைவீட்டில் அக்காளும் தம்பியும் ஆசியப் பதக்கத்தோடு வந்து நிற்பதென்றால் அவ்வீட்டுப் பெற்றோர் என்ன தவம் செய்தனரோ என்று நம் பாட்டிமார் வியப்பார்கள். தவம் என்பது ஒருபுறம் இருக்க, வேறு காரணங்களும் உண்டு.

அவை யாவை? மலையேறி நடப்பதால் கால் வலுப்பெறும் என்று சொல்வார்கள். அது உண்மையாயின் நம் லயங்களிலிருந்தும் ஓட்டக்காரப் பெண்கள் வரிசையாக வந்திருத்தல் வேண்டும். மலை எல்லாருக்கும் பொதுவன்றோ! விடியுமுன் கம்பத்திலிருந்து ஜீப்பேறி வந்து, ஏலச்செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்தில் முற்றிய காயைத் தேடிக் குனிந்தும் குந்தியும் நாள் முழுதும் பறிக்கும் நம் பெண்களின் கால்வலிக்கு யாருடைய கால்வலி ஈடாகும்? ஆயினும் மேற்கூறிய வரிசையில் லயத்துப் பெண்ணின் பெயர் ஒன்றும் இல்லை. இதனை நாம் மலையாள நண்பர்கள்மேல் குறையாகக் கூறவில்லை. அவர்களும் பிழைப்புத் தேடி இம்மலை ஏறியவர்களே. வேறுபாடு மலையில் இல்லை. மலையிலிருந்து இறங்கும் வழியில் இருந்தது.

கேரளத்தில் அவ்வழி எழுபதுகளில் போடப்பட்டது. கர்னல் கோதவர்ம ராஜாவின் பெயரால் திருவனந்தபுரத்தில் விளையாட்டுப் பள்ளி நிறுவப்பட்டது. 1976-இல் கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு தொடங்கிற்று. பள்ளிப் போட்டியில் நன்றாக ஓடும் சிறுமியை அழைத்துச் சென்று, தங்க இடமும் உண்ண உணவும் படிக்கப் பாடமும் தந்து, காலையும் மாலையும் பயிற்சி அளிப்பதே அதன் முறை. உஷாவை உருவாக்கிய ஓ. எம். நம்பியார் அங்குதான் பயிற்சியாளராக இருந்தார். உஷாவும் தம் காலம் முடிந்தபின் 2002-இல் சிறுமியர்க்கெனத் தாமே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்குப் பயின்ற ஜிஸ்னா மாத்யூ, டாம்பெரே போட்டிக்கு ஒரு திங்கள் முன்பு ஜப்பானில் நடந்த ஆசிய இளையோர் போட்டியின் 400 மீட்டரில் தங்கம் பெற்றார். கோல் கைமாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

இந்த ஏற்பாட்டின் வாயில் பள்ளிக்கூடம். பள்ளியில் ஓட இடமும், ஓடுவதைப் பார்க்க ஒரு கண்ணும் வேண்டும். நிறை அளவில் ஓர் ஓடுபாதை அமைக்க ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் கொண்ட சமநிலம் வேண்டும். நான்கு ஏக்கர் என்று கொள்க. சக்குபள்ளத்தின் சரிவுகளில் நான்கு ஏக்கர் ஏலம் என்றால் ஒரு குடும்பத்தின் வாழ்வு. செல்லார்கோவில் விளிம்பில் நின்று கீழே நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கு முழுதும் சமநிலமாக விரிந்து கிடப்பது தெரியும். மேலே நமக்குச் சரிவுதான். பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஐம்பது மீட்டர் நேராக ஓடினால் வேலி வந்துவிடும். வளைவில் உடலைச் சாய்த்து ஓடும் கலையை வேலியோரத்தில் எந்தச் சிறுமி கற்பாள்? அதற்குமேல், பூப்பெய்திய பெண் அரைக்காற்சட்டை அணிந்து ஓடுவதா என்னும் கேள்வியும் நம் வீடுகளில் உண்டு. இதனை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

ஹிமாவுக்கும் ஓடுபாதை இருக்கவில்லை. அஸ்ஸாமின் நகாவ்ன் மாவட்டத்தில் டிங் என்னும் ஊரை அடுத்த கந்துலிமாரிச் சிற்றூரில் நெல் விளைவிக்கும் கூட்டுக்குடும்பத்தில் பிறந்தாள். வயலோரத்துச் சேற்றில் சிறுவர்களோடு பந்தாடினாள். அவள் வேகத்தைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்டார்; ஓட்டத்திற்குத் திருப்பினார். பின்னர் ஒரு மாவட்டப் போட்டியில் நிபன் தாஸ் என்னும் பயிற்சியாளர் கண்டார். அவர் செய்த அரும்பணி பயிற்சி கொடுத்ததன்று. ஊருக்குச் சென்று பெற்றோரிடம் பேசியதே. பெண்ணைக் குவாஹாத்திக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மகளைத் தனியே அனுப்ப எந்த உழவர் உடனே இசைவார்? தங்குமிடத்தையும் உணவையும் தாம் பார்த்துக்கொள்வதாக அவர் உறுதி கூறியபின் தந்தை ரஞ்சித் தாஸ் இசைந்தார். முறையான பயிற்சி தொடங்கி ஈராண்டு நிறைவதற்குள் 2018 ஏப்ரலில் காமன்வெல்த் போட்டியின் இறுதி ஓட்டத்தில் ஆறாவதாக வந்தாள், ஜூலையில் டாம்பெரே. அங்கே வென்றபின் மூவண்ணக் கொடியோடு அஸ்ஸாமியர் போற்றும் கமோசாத் துண்டையும் அணிந்துகொண்டாள். பதக்க மேடையில் நாட்டுப்பண் ஒலித்தபோது கண்ணீர் விட்டாள்.

அந்நாட்களில் நடந்த இன்னொன்றை நாம் மறக்கவில்லை. அரையிறுதியில் வென்றபின் ஹிமா செய்தியாளரிடம் ஆங்கிலத்தில் பேசினாள். அதனை வெளியிட்ட இந்தியத் தடகளச் சம்மேளனம், பெண்ணுக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் முயன்றாள் என்னும் பொருள்படக் குறிப்பு எழுதிற்று. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சம்மேளனம் வருத்தம் தெரிவித்தது. பாராட்டும் எண்ணத்திலேயே அது எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி என்று மூன்று மொழிகளுக்கு இடையே வாழும் நம் பிள்ளைகள் அத்தகைய குறிப்பின் கூர்மையை நன்கறிவார்கள். வகுப்பில் மலையாள உச்சரிப்புத் தவறிற்று என்று பின்வரிசைக்குப் போன பிள்ளை, விளையாட்டுத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கவும் கை தூக்குவதில்லை. 51.46 என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அதே 51.46 என்பதுதான் ஓட்டத்தின் அழகு.

டாம்பெரேயின் மறுமாதம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹிமா 50.79 விநாடியில் ஓடி வெள்ளியும் தேசியச் சாதனையும் பெற்றாள். மகளிர் தொடரோட்டத்தில் தங்கம். ஆடவர் இருவரும் மகளிர் இருவரும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடரோட்டத்திலும் ஓடினாள். அவ்வணியில் கொல்லம் மாவட்டத்து முகமது அனஸ், கருநாடகத்துப் பூவம்மா ஆகியோருடன் திருச்சி மாவட்டம் லால்குடிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவும் ஓடினார். முதலில் வெள்ளி பெற்ற அவ்வணிக்கு, வென்ற பஹ்ரைன் அணியின் வீராங்கனை ஊக்கமருந்துக் குற்றத்தில் நீக்கப்பட்டதால், பின்னர்த் தங்கம் வந்து சேர்ந்தது. அதன்பின் ஹிமாவைக் காயங்கள் தொடர்ந்து வருத்தின. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவள் ஓடவில்லை.

இளையோர் போட்டியில் அவள் திறந்த கதவோ மூடவில்லை. 2021-இல் நைரோபியில் கருநாடகத்துப் பிரியா மோகன் 400 மீட்டரில் நான்காவதாக வந்தாள். தமிழ்நாட்டுப் பரத் ஸ்ரீதர் உள்ளிட்ட கலப்புத் தொடரோட்ட அணி வெண்கலம் பெற்றது. 2022-இல் கொலம்பியாவின் காலி நகரில் உத்தரப்பிரதேசத்து உழவர் மகள் ரூபல் சௌத்ரி 51.85 விநாடியில் வெண்கலம் பெற்றாள். கலப்பு அணி வெள்ளியாக உயர்த்திற்று.

தமிழ்ப் பெண்கள் எங்கே என்று வாசகர் கேட்பர். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் தடைதாண்டும் ஓட்டத்தின் முதற்சுற்றை 55.42 விநாடியில் முடித்தார். உஷாவின் அதே 55.42! முப்பத்தொன்பது ஆண்டுகள் தனித்து நின்ற நேரத்தின் அருகே ஒரு தமிழ்ப்பெண் போய் நின்றார். மறுநாள் இறுதி ஓட்டத்தில் வெண்கலமும் பெற்றார்.

ஆயினும் நம் லயங்களுக்கு மிக அண்மையான கதை ரேவதி வீரமணியுடையது. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். வயலிலும் செங்கற்சூளையிலும் கூலி வேலை செய்து பேத்தியர் இருவரையும் வளர்த்தவர் தாய்வழிப் பாட்டி ஆராம்மாள். பள்ளிப் போட்டி ஒன்றில் வெறுங்காலோடு ஓடிய ரேவதியைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பெண்பிள்ளையை ஓட விடுவதா என்று ஊரார் பேசினர். பாட்டியும் முதலில் தயங்கினார். கண்ணன் பேசிப் பேசி இசைவித்தார். பின்னர் மதுரை லேடி டோக் கல்லூரியில் பயின்றுகொண்டே ரேவதி ஓடினார். 2021 ஜூலையில் பட்டியாலாவில் நடந்த தேர்வோட்டத்தில் 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார்.

அம்மாத இறுதியில் டோக்கியோ ஒலிம்பிக் அரங்கில் இந்தியக் கலப்புத் தொடரோட்ட அணி நின்றது. நால்வர்: கேரளத்து முகமது அனஸ், சக்கிமங்கலம் ரேவதி, திருச்சி சுபா வெங்கடேசன், லால்குடி ஆரோக்கிய ராஜீவ். நால்வருள் மூவர் தமிழர், ஒருவர் மலையாளி. 3 நிமிடம் 19.93 விநாடியில் ஓடி முடித்தனர். இறுதிச் சுற்றுக்கு அந்நேரம் போதவில்லை. மழையிலும் சேற்றிலும் வெறுங்காலோடு தொடங்கிய பெண் கோலை வாங்கிக்கொண்டு, தன் தடத்தில், தன் சுற்றை முழுமையாக ஓடிக் கொடுத்தாள்.